தாழ்ப்பாள்காரரைச் சந்தேகித்த தளம்

“நான் பொறந்ததுலேர்ந்து ஒருத்தரையும் நம்பினதில்ல. அதனாலதான் இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் என்னை ஏமாத்தினதில்ல. கடைசி மூச்சு வரைக்கும் இப்படியேதான்.”

வரலாற்றுச் சிறப்புமிக்க இந்த அறிவிப்பு வெளியான இடம், கடைத்தெரு வியாபாரிகள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். வெளியிட்டவர் தாழ்ப்பாள்காரர். சங்கத்துக்குப் புதிய பொருளாளர் வேண்டும், யாரை நம்பிப் பொறுப்பைக் கொடுக்கலாம் என்று தலைவர் பொதுவாகக் கேட்டு வைத்தார். அதற்குப் பதிலாகத்தான் நம்மவர் எழுந்து நின்று இதைச் சொன்னார். கைதட்டலை எதிர்பார்த்துச் சற்று நேரம் நின்றுகொண்டும் இருந்தார். கைதட்டல் வரவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த துணிக்கடைக்காரர் மட்டும், கீழே வைத்திருந்த தம் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

தாழ்ப்பாள், கீல், கொண்டி, கைப்பிடி, வெளியே நிற்பவரை உள்ளேயிருந்து பார்க்கக் கதவில் பதிக்கிற லென்ஸ் என்று, ஒருவர் வீட்டுக்குள் இன்னொருவர் நுழையாமல் இருப்பதற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அவரிடம் கிடைக்கும். இந்தத் தொழில் அவரைத் தேடி வந்ததா, அவர் அதைத் தேடிப் போனாரா என்பது ஆராய்ச்சிக்குரியது. அவர் வேறு எந்தத் தொழிலுக்குப் போயிருந்தாலும் அந்தத் தொழில் உருப்பட்டிருக்காது என்பது அவர் மனைவியின் கருத்து.

சிரித்துப் பேசுகிறவர்களை அவர் சந்தேகிப்பார். சிரிக்காதவர்களை அதைவிட அதிகமாகச் சந்தேகிப்பார். யாராவது வழிவிட்டு ஒதுங்கி நின்றால், பின்னால் வரத் திட்டம் போடுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு தானும் நின்றுவிடுவார். இதனாலேயே அவர் பல மாடிப்படிகளில் நெடுநேரம் நிற்க வேண்டியிருந்தது. கல்யாணத்துக்கு முன் பெண் வீட்டாரைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியவர், மகள் வேலைக்குப் போய் வெளியூரில் குடியிருக்கிற இந்த வயதிலும் அந்த விசாரணையை முடித்து அறிக்கை தரவில்லை என்று மனைவி சொல்வதுண்டு.

முன்பு அவர் கடை தெருவில் இருந்தது. கடை வாடகை மேலே போக, தெருவில் நடக்கிற கூட்டம் கீழே போக, ஒரு கட்டத்தில் கடையைக் காலி செய்துவிட்டு அதே தெருவில் ஒரு மாடி அறைக்குக் குடிபெயர்ந்தார். அறையில் கூரை வரை இரும்புத் தட்டுகள். ஒரு பக்கம் ஓர் இரும்பு அலமாரி. சுவரில் சாய்த்து நிறுத்திய மாதிரிக் கதவு ஒன்று. கடையில் உள்ள கீல், கொண்டி எல்லாவற்றிலும் ஒவ்வொன்று அதில் பொருத்தியிருக்கும். ஜன்னலோரத்தில் ஒரு மேசை. அதில் பேக்கிங் அக்கா உட்கார்ந்து பார்சல் கட்டுவார். வயதில் இவரைவிட நன்றாகச் சின்னவர்தான். தெருவே அக்கா என்று கூப்பிடுவதால் நாமும் அப்படியே கூப்பிடுவோம். அவர் கட்டிய பார்சலை இவர் பிரித்துப் பார்த்து, மறுபடி கட்டுவார். வாங்கியவர்கள் கத்தரிக்கோல் மழுங்கிப்போகிறது என்று எழுதினார்கள். அதைப் பாராட்டு என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

ஆள் ஏறி வராத அந்த மாடி அறைக்கு ஆர்டர்கள் இணையத்தில்தான் வந்தன. மனைவியின் தம்பிக்குக் கணினி வேலை தெரியும். அவன்தான் அக்கா புருஷன் என்ற உறவுக்காகக் கூலி வாங்காமல் ஒரு வெப்சைட் செய்து கொடுத்து, அதைப் பெரிய பட்டியல் தளம் ஒன்றில் சேர்த்தும் விட்டான். உலகத்தில் எந்த மூலையிலிருந்தும் ஒருவர் அந்தத் தளத்தில் தாழ்ப்பாள் என்று தட்டினால், பல கடைகளின் தாழ்ப்பாள்கள் படமும் விலையுமாக வரிசைகட்டி நிற்கும். பிடித்ததைத் தொட்டால் அந்தக் கடைக்குள் போய்விடலாம். தாழ்ப்பாள்காரரின் கடைக்கு வந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் அந்த வழியாக வந்தவர்கள்தாம். அந்த வாசலை அடைத்தால் கடையே இல்லை. இவ்வளவு பெரிய உபகாரம் செய்த மைத்துனனுக்கு நம்மவர் செய்த முதல் மரியாதை, அவன் ஊருக்குப் போன அன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றியது.

இப்படியிருக்க, ஒரு காலையில் அந்தத் தளத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்கள் கடை நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. காரணம், உண்மைக்கு மாறான தோற்றம். வாங்குபவர்கள் உங்களை நம்பலாம் என்று எங்களால் உறுதி செய்ய முடியவில்லை.

தாழ்ப்பாள்காரர் அதை ஒருமுறை படித்தார். அவர் முகத்தில் ஒரு புன்னகை மலர்ந்தது. “எனக்கே காது குத்தறான் பாரு” என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, மோசடிக்காரர்கள் அனுப்பிய மின்னஞ்சல் என்று தீர்மானித்து அழித்துவிட்டார். மறுநாள் இன்னொன்று வந்தது. அதையும் அழித்தார். ஆர்டரும் வரவில்லை. ஆர்டர் வராததற்குக் காரணம் ஊரில் யாரும் கதவு வைத்து வீடு கட்டாததுதான் என்று சில நாட்கள் தமக்குத் தாமே ஆறுதல் சொல்லிக்கொண்டார். அக்கா அட்டைப்பெட்டிகளை மடித்து அடுக்கி முடித்து, அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கத் தொடங்கியபோதுதான் அவர் கணினி முன் போய் உட்கார்ந்தார். நேரே தளத்துக்குள் போய்த் தம் கடையைத் தேடிப் பார்த்தார். எல்லார் தாழ்ப்பாளும் இருந்தது. அவருடையது இல்லை.

கோளாறு தம்மிடம் இருக்கலாம் என்கிற எண்ணம் அவருக்கு வரவில்லை. அப்படி ஓர் எண்ணம் வரும் வழியில் தடையாக அதற்கு முன்பே வேறு பல எண்ணங்கள் வரிசையில் நின்றன. யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். யார்?

முதல் சந்தேகம் எதிர்க்கடைக்காரர் மேல். தெருவுக்கு அந்தப் பக்கம் அதே கதவுச் சாமான் விற்பவர். அவரும் தளத்தில் இருக்கிறார். அவரைக் கண்காணிப்பதற்கென்றே நம்மவர் தம் ஜன்னல் பலகையில் ஓட்டை போட்டு, விற்பனைக்கு வைத்திருந்த லென்ஸ் ஒன்றைப் பதித்து வைத்திருந்தார். ஒரு பகல் முழுக்க அதில் கண்ணை வைத்துப் பார்த்ததில், எதிர்க்கடைக்காரர் கொட்டாவி விடுகிறார், பிறகு முதுகைச் சொறிகிறார் என்பது வரை தெரிந்தது. சதி எதுவும் தெரியவில்லை. சதிகாரர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று முடிவு செய்து, சாயங்காலம் ஆளை நேரிலேயே ஆழம் பார்க்கப் போனார்.

“வாங்க அண்ணே. ஜன்னல் வழியாத்தான் பார்ப்பீங்க, இன்னைக்கு நேர்லயே வந்துட்டீங்க” என்றார் எதிர்க்கடைக்காரர்.

நம்மவர் அதைக் காதில் வாங்காதவர் போல வெயிலைப் பற்றிப் பேசினார், தெரு விளக்கைப் பற்றிப் பேசினார், பிறகு போகிற போக்கில், உங்க சாமானெல்லாம் சைட்டில் ஒழுங்காகத் தெரிகிறதா என்று கேட்டார். எதிர்க்கடைக்காரர் ஒரு நிமிடம் அவர் முகத்தைப் பார்த்தார்.

“உங்களையும் நிறுத்திட்டாங்களா? போன வருஷம் எனக்கும் ஆச்சு, அண்ணே. ஒண்ணு சொல்றேன் கேளுங்க. மறுபடி பாருங்கன்னு ஒரு பட்டன் இருக்கும். அவசரப்பட்டு அதை அமுக்காதீங்க. முதல்ல நம்ம சைட்டுல என்ன குத்தம்னு பார்த்துச் சரி பண்ணுங்க. சும்மா சும்மா அமுக்கினா பட்டனையே மூடிடுவாங்க. அப்புறம், உங்க கடை நம்பருக்கு ஒரு தடவை போன் போட்டேன். மணி அடிச்சிக்கிட்டே இருக்கு. அதைப் பாருங்க.”

தாழ்ப்பாள்காரர் நன்றி சொல்லிவிட்டு மாடியேறினார். படியில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து உரசிப் பார்த்தார். ‘உங்களையும்’ என்றானே, அவனுக்கு எப்படித் தெரியும்? என் நம்பருக்கு அவன் ஏன் போன் போட வேண்டும்? எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டனை அமுக்காதே என்று ஒரு போட்டிக்காரன் சொல்கிறான் என்றால், அமுக்கினால் எனக்கு நல்லது நடக்கும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தர்க்கம் அப்பழுக்கற்றதாக இருந்தது. அறைக்குள் நுழைந்ததும் நாற்காலியில்கூட உட்காராமல் பட்டனை அமுக்கினார்.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. உடனே திரும்ப அமுக்கினார். அதுவும் நிராகரிக்கப்பட்டது, கூடவே, பட்டன் சாம்பல் நிறமாகிவிட்டது. குறிப்பிட்ட காலம் வரை இனிக் கேட்க முடியாது, அதற்குப் பிறகும் குறை இருந்தால் கடை நிரந்தரமாக நீக்கப்படலாம் என்று கீழே சிறிய எழுத்தில் போட்டிருந்தது. எதிரி சொன்னதே நடந்துவிட்டதில் அவருக்கு ஒரு விஷயம் தெளிவாயிற்று: அவன் தாம் நினைத்ததைவிடப் பெரிய கைகாரன்.

அடுத்த சந்தேகம் உள்வீட்டு ஆட்கள் மேல். கடவுச்சொல்லை மாற்றிய கோபத்தில் மைத்துனன் செய்திருக்கலாம். பார்சலைப் பிரித்துப் பார்க்கிற கோபத்தில் அக்கா செய்திருக்கலாம். இரண்டு பேரில் யார் வெளியே செய்தி கொண்டுபோகிறார்கள் என்று கண்டுபிடிக்க அவர் ஒரு பொறி வைத்தார். மைத்துனனுக்குப் போன் போட்டு, கடையைச் சந்தைப் பக்கம் மாற்றப்போகிறேன் என்றார். அக்காவிடம், மாசக் கடைசியோடு கடையை மூடப்போகிறேன் என்றார். இரண்டுமே பொய். எந்தப் பொய் எதிர்க்கடை வழியாகத் திரும்பி வருகிறதோ, அதைக் கொண்டுபோனவர்தான் ஒற்றர். பெரிய நாடுகளின் உளவுத் துறைகள் கையாளும் முறை இது என்று அவருக்கு ஒரு திருப்தி.

பொறியில் சீக்கிரமே எலி விழுந்தது. தெருவில் எதிர்ப்பட்ட எதிர்க்கடைக்காரர், “கடையை மூடறீங்களாமே, அண்ணே. மனசுக்குக் கஷ்டமா இருக்கு” என்றார்.

தாழ்ப்பாள்காரர் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். அக்கா ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, பார்சல் இல்லாததால் பழைய பெட்டிகளின் ஒட்டுநாடாவை உரித்துக்கொண்டிருந்தார். எதிர்க்கடைக்குப் போனாயா, அங்கே என்ன சொன்னாய் என்று இவர் கேட்ட கேள்வியில் கூண்டில் நிறுத்திக் கேட்கிற மிடுக்கு இருந்தது. அக்கா மறைக்கவே இல்லை.

“ஆமா அண்ணே, போனேன். மாசக் கடைசியில மூடறேன்னு நீங்கதானே சொன்னீங்க? எனக்கு வேற வேலை வேணும்ல. ஆள் எடுக்கறீங்களான்னு கேட்டேன்.”

“அவன் என்ன சொன்னான்?”

“இப்ப வேணாம்னு சொல்லிட்டார். அண்ணன் கடையை மூடினப்புறம் வா, அதுக்கு முன்னாடி உன்னை எடுத்தா, ஆளை இழுக்கத்தான் கடையையே நான் மூட வச்சேன்னு உங்க அண்ணன் சொல்வார்னாரு.”

நம்மவர் அப்படித்தான் சொல்லியிருப்பார். மூடுறதெல்லாம் சும்மா சொன்னது என்று தரையைப் பார்த்து முணுமுணுத்தார்.

“எது சும்மா, அண்ணே? மூடறதா, மூடாததா?” என்று கேட்டார் அக்கா. கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார்.

தாழ்ப்பாள்காரர் மேசைமேல் உரித்துப்போட்டிருந்த ஒட்டுநாடாக் குவியலைப் பார்த்தார். அவர் சொன்ன பொய் அவருக்கே தெரியாமல் பாதி உண்மையாகியிருந்தது. தட்டுகளில் இருந்த கீல்கள் எல்லாம் அவரையே பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

விஷயம் அன்றே வீட்டுக்கு எட்டியது. மனைவி தம்பிக்குப் போன் போட்டு, அடுத்த விடுமுறை நாளில் வந்து சேர் என்று மட்டும் சொன்னார். அவன் வந்தான். சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் மேசையைச் சுற்றி மூவரும் உட்கார்ந்தார்கள். மைத்துனன் கணினியைத் திறந்ததும், அத்தானின் கண் அவன் விரல்களின் மேல் போய் ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்துவிட்டு அவன் கணினியை மூடினான்.

“கடவுச்சொல்லே வேணாம் அத்தான். உள்ளயே போகப் போறதில்ல. அக்கா, உன் மொபைலை எடு. நீ யாரோ ஒருத்தி. குளியலறைத் தாழ்ப்பாள் உடைஞ்சு போச்சு. இந்தக் கடையைப் பத்தி உனக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு தாழ்ப்பாள் வாங்கு. அத்தான், நீங்க நடுவுல பேசக் கூடாது.”

மனைவி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைக்குள் போனார்.

“தாழ்ப்பாளே தெரியலையே. படத்துக்குக் குறுக்க ஏதோ பெருசா எழுதியிருக்கு. ‘திருடாதே’ன்னு இருக்கு.” கண்ணாடிக்கு மேலாகக் கணவரைப் பார்த்தார். “வாங்க வந்தவளைப் பார்த்துத் திருடாதேங்கறீங்க.”

படத்தை எதிர்க்கடைக்காரன் எடுத்துப் போட்டுக்கொள்வான் என்று அவர் விளக்க முற்பட்டார். மைத்துனன் விரலை உதட்டில் வைத்தான்.

மனைவி ஒரு தாழ்ப்பாளைத் தேர்ந்தெடுத்துக் கூடையில் போட்டார். போட்டதும் புருவம் சுருங்கியது. வெளியே ஒரு விலை, கூடைக்குள் ஒரு விலை. இதற்கு நம்மவரால் வாயைக் கட்டிக்கொண்டு இருக்க முடியவில்லை. தம் விலையைப் பார்த்து எதிரி விலை வைக்கிறான். ஆகவே அவனைக் குழப்ப வெளியே ஒரு பொய் விலை. உண்மையில் வாங்குபவனுக்கு உள்ளே உண்மை விலை, அதுவும் வெளியே இருப்பதைவிடக் குறைவு. இந்த ஏற்பாட்டைத் தாமே யோசித்துத் தாமே செய்ததில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது.

“குறைவோ கூடவோ, வாசல்ல ஒண்ணு உள்ள ஒண்ணு சொல்றவன் கிட்ட நான் எதுக்கு வாங்கணும்?” என்றார் மனைவி. “இரு, கேட்டுடறேன்.” கடையின் எண்ணைத் தொட்டார்.

எங்கோ மணி அடித்தது. மூவரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். சத்தம் தாழ்ப்பாள்காரரின் காலடியில் இருந்த பைக்குள்ளிருந்து வந்தது. பைக்குள் ஒரு துண்டு, துண்டுக்குள் ஒரு பழைய போன். அது அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை.

“எடுங்களேன்” என்றார் மனைவி.

“தெரியாத நம்பர்” என்றார் அவர், பழக்க தோஷத்தில். அது மனைவியின் எண். அந்தப் போனில் எவருடைய பெயரையும் அவர் ஏற்றி வைக்கவில்லை; ஏற்றினால் திருட்டுப் போகும்.

முகவரிக்கு வந்தார்கள். மைத்துனன் வரைபடத்தில் தேடினான். கடை என்று போட்டிருந்த கதவு எண்ணில் அடுத்த தெருச் சலவைக்கடை இருந்தது. அந்தச் சலவைக்கடைக்காரர், சலவைத் துணியை எடுக்கத் தாம் போகும்போதெல்லாம், யார் யாரோ வந்து என்னிடம் கொண்டி கேட்கிறார்கள் என்று புலம்புவதன் பொருள் மனைவிக்கு இப்போது விளங்கிற்று. சரக்கு இருக்கிற இடம் எதிரிக்குத் தெரியக் கூடாது என்று அத்தான் சொன்னதை இருவரும் கேட்டுக்கொண்டார்கள். உரிமையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘நிர்வாகம்’ என்று இருந்தது. பொருளைத் திருப்பி அனுப்பலாமா என்ற கேள்விக்கு, ‘அனுப்பலாம், ஏன் அனுப்புகிறீர்கள் என்பது விசாரிக்கப்படும்’ என்று பதில் இருந்தது. கீழே வாடிக்கையாளர் பலர் வெவ்வேறு பெயர்களில், ‘முழுவதும் நம்பி வாங்கலாம்’ என்று ஒரே மாதிரி, ஒரே இடத்தில் ஒரே எழுத்துப் பிழையோடு எழுதியிருந்தார்கள்.

மனைவி மொபைலை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். “நான் வாங்க மாட்டேன்.”

தாழ்ப்பாள்காரர் அந்த மொபைலை எடுத்தார். தம் கடையை அவர் அதுவரை உள்ளேயிருந்துதான் பார்த்திருக்கிறார். முதல் முறையாக வெளியேயிருந்து பார்த்தார். ஆளை எடை போடுவதில் அவருக்கு இருந்த ஆயுட்காலப் பயிற்சி, எடை போடப்படுவது யார் என்று பாராமல் தானாக வேலை செய்தது. விலையைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார், ‘நிர்வாகம்’ என்பதைப் பார்த்தார்.

“சுத்தப் பிராடு இவன்” என்றார்.

மைத்துனன் சிரிக்கவில்லை. மனைவியும் சிரிக்கவில்லை. அவர் மட்டும் மெதுவாக மொபைலைக் கீழே வைத்துவிட்டு, எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். யாரும் போட்டுக் கொடுக்கவில்லை. முகம் தெரியாத ஓர் இயந்திரம் அவரைப் பார்த்து, உலகத்தை அவர் எப்படிப் பார்ப்பாரோ அப்படியே பார்த்திருந்தது.

திருத்தும் வேலை தொடங்கியது. ஒவ்வொன்றும் அவரிடமிருந்து பல்லைப் பிடுங்குவதுபோலத்தான் நடந்தது. ‘திருடாதே’ போனது, தாழ்ப்பாள்கள் வெளிச்சத்துக்கு வந்தன. விலை ஒன்றானது. தாமே எழுதிக்கொண்ட பாராட்டுகளை அழிக்கும்போது, அவற்றில் ஒன்று மட்டும் மெய்யாகவே வந்தது என்று வாதாடினார். எது என்று அவருக்கே அடையாளம் காட்டத் தெரியாததால் எல்லாம் போயின. உண்மையான முகவரி ஏறியது. பெயர் ஏறியது. பெயருக்குப் பக்கத்தில் போட ஒரு படம் எடுத்தார்கள். அதில் அவர், படம் எடுப்பவனைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு எடுத்தாலும் அப்படித்தான் விழும் என்று மனைவி சொன்னதால் அதையே போட்டார்கள். துண்டுக்குள் இருந்த போன் அக்காவின் மேசைக்கு வந்தது. மணி அடித்தால் எடுத்துப் பேச வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் நாள் அக்கா பேசிய ஒவ்வொரு பேச்சையும் இவர் தட்டுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டார். கேட்டவர்கள் எல்லோரும் கீலைப் பற்றித்தான் கேட்டார்கள்.

பட்டனுக்குத் திரும்ப நிறம் வந்த அன்று மைத்துனனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அமுக்கினார். தளம் இந்த முறை நேராக மறுக்கவில்லை. எங்கள் ஆள் ஒருவர் வேலை நேரத்தில் ஏதாவது ஒரு நாள் கடை எண்ணுக்கு வீடியோவில் கூப்பிடுவார். கடையையும் சரக்கையும், அந்தச் சரக்கை நீங்கள் வாங்கியதற்கான பில்களையும் காட்ட வேண்டும். அழைப்பை எடுக்காவிட்டாலோ, கேட்டதைக் காட்டாவிட்டாலோ கோரிக்கை முடித்து வைக்கப்படும்.

அன்றிலிருந்து தாழ்ப்பாள்காரர் அறையை விட்டு அசையவில்லை. போனையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார். கடித்துக் கடித்தே, ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல் ஒன்று புரையோடிக் கன்னம் பந்துபோல் வீங்கிவிட்டது. வீக்கம் கண்ணுக்கு ஏறியதும் மனைவி அவரை இழுத்துக்கொண்டு பல் டாக்டரிடம் போனார். இவருக்குப் போக மனமே இல்லை. இவர் போன நேரம் பார்த்து அழைப்பு வரும் என்று அடித்துச் சொன்னார். அவர் வாழ்க்கையில் பட்ட சந்தேகங்களில் பலித்தது அது ஒன்றுதான்.

பல்லைப் பிடுங்கி, பஞ்சை வைத்து அழுத்தி, வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தாழ்ப்பாள்காரரின் சட்டைப்பையில் இருந்த போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார். அக்கா.

“அண்ணே, அந்த வீடியோக்காரங்க கூப்பிட்டுட்டாங்க. கடைப் போன்ல லைன்லயே இருக்காங்க, நான் என் போன்லேர்ந்து பேசறேன். இடத்தைக் காட்டிட்டேன், சாமானெல்லாம் காட்டிட்டேன். இப்ப வாங்கின பில்லு கேக்கறாங்க. இரும்பு அலமாரியிலதானே இருக்கு? பூட்டியிருக்கு. சாவி எங்க இருக்கு, அண்ணே?”

“ம்ம்” என்றார் தாழ்ப்பாள்காரர்.

“அண்ணே?”

இங்கே வாசகர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த அலமாரிக்குள் இருந்தவை வெறும் பில்கள் அல்ல. அவர் எந்தப் பட்டறையிலிருந்து சரக்கு எடுக்கிறார் என்கிற விஷயம். எதிர்க்கடைக்காரர் பல வருஷமாகச் சாடைமாடையாகக் கேட்டும் கிடைக்காதது. மனைவிக்கே தெரியாதது. சாவி இருக்கும் இடத்தை அவர் அவ்வப்போது மாற்றிவிடுவார்; சில சமயம் மாற்றியது அவருக்கே மறந்துபோய், தம் அறையிலேயே திருடனைப்போல் தேடுவார். இப்போது அந்த அலமாரிக்கு முன்னால் நிற்பவர், சமீபத்தில் எதிர்க்கடையில் வேலை கேட்டுவிட்டு வந்தவர்.

தானே ஓடிப் போய்த் திறக்கலாம் என்றால் அதற்குள் அழைப்பு போய்விடும். அழைப்பு போனால் கடை போய்விடும். வேண்டாம் என்று சொல்லக்கூட வாயில் இடமில்லை. அவர் டாக்டரைப் பார்த்தார், மேசைமேல் இருந்த மருந்துச் சீட்டைப் பார்த்தார். பேனாவை எடுத்தார். இரண்டு சொல் எழுதினார், நிறுத்தினார். போனில் அக்கா யாரிடமோ, “ஒரு நிமிஷம் இருங்க, கேட்டுக்கிட்டிருக்கேன்” என்று பணிவாகச் சொல்வது கேட்டது. மிச்சத்தையும் எழுதி, சீட்டையும் போனையும் டாக்டரிடம் நீட்டினார்.

டாக்டர் கையுறையோடு போனைப் பிடிக்க முடியாமல் ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டு, பல் டாக்டர்களுக்கே உரிய கணீர்க் குரலில் படித்தார்: “மாதிரிக் கதவு. கீழ்க் கீலுக்குப் பின்னால். கீலைக் கழற்ற வேண்டாம், இழுத்தாலே வரும்.”

திரைக்கு அந்தப் பக்கம் காத்திருந்த நோயாளிகள் அனைவரும் இதைக் கேட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கு நடுவிலிருந்து மனைவியின் குரல் வந்தது. “அங்கயா வச்சிருந்தீங்க?”

கடை திரும்பி வந்த செய்தி அதற்குப் பிறகு சில நாட்களில் வந்தது. இந்த மின்னஞ்சலை அவர் அழிக்கவில்லை; ஆனால் மைத்துனனுக்கு அனுப்பி, இது மெய்தானா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். மெய்தான். அன்று பகலுக்குள் முதல் ஆர்டர் விழுந்தது. யாரோ ஒருவருக்குக் குளியலறைத் தாழ்ப்பாள் உடைந்துவிட்டிருந்தது.

அக்கா அந்தப் பார்சலைக் கட்டி முடித்துவிட்டு, தம் கைப்பைக்குள் கைவிட்டு எதையோ தேடினார். சாவி.

“அண்ணே, அன்னிக்குலேர்ந்து இது என்கிட்டயே இருக்கு. நீங்களும் கேக்கல. எங்க வைக்கட்டும்?”

தாழ்ப்பாள்காரர் சாவியைப் பார்த்தார். அறையைச் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். தட்டுகளுக்குப் பின்னால், விளக்குக்கு மேலே, ஜன்னல் பலகைக்கு அடியில் என்று அவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிற இடங்கள் நிறைய இருந்தன.

“உன்கிட்டயே இருக்கட்டும்மா” என்றார். பிறகு அதற்கு ஒரு காரணமும் வேண்டுமே என்பதுபோல், “ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு எடுக்க இடுப்பு வலிக்குது” என்றார்.

அக்கா சரி என்றார். தாழ்ப்பாள்காரர் தட்டுப் பக்கம் போய்க் கீல்களை அளவு பார்த்து அடுக்க ஆரம்பித்தார். பின்னால் கைப்பையின் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது. பையின் எந்த அறைக்குள் சாவியை வைக்கிறார் என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.